முதல் பரிசு ஏன் அந்த நாய்க்கு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஊட்டியில் மே மாதம் நடக்கும் நாய்க் கண்காட்சியைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், வந்த கடிதங்களில் முக்கால்வாசி நடுவர்களைத் திட்டித்தான்! தடுப்பூசி, தீவனம், உண்ணி எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பல வருஷம் ரிங் ஸ்டூவர்டாக, அதாவது நாய்களைக் காட்டும் களத்தில் (ரிங்) நடுவருக்கு உதவியாளாக நின்று, பிறகு காவல் நாய்களுக்கும் வேட்டை நாய்களுக்கும் நடுவராக இருந்தவள் என்ற முறையில், இந்த முறை நடுவர்களைப் பற்றி மட்டும் பேசலாம்.

எங்கள் சிப்பிப்பாறையைச் சென்னைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போனோம். நடுவர் ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் இடம் என்று விரலைக் காட்டிவிட்டு அடுத்த நாயிடம் போய்விட்டார். அதற்குள் ஒரு நாயைப் பற்றி என்ன தெரிந்துவிடும்?
– சாத்தூர் வாசகர்

நிறையத் தெரியும். எஃப்.சி.ஐ. என்று நாய் கிளப்களுக்கான ஓர் உலக அமைப்பு இருக்கிறது. 1911-ல் தொடங்கியது, தலைமையகம் பெல்ஜியத்தில் துவான் என்ற ஊரில். நம் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவும் அதோடு இணைந்ததுதான். அதன் விதிப்படி ஒரு நடுவர் மணிக்கு 15 முதல் 20 நாய்களைப் பார்க்கலாம். அதாவது தலைக்கு மூன்று, நான்கு நிமிடம். ஒவ்வொரு நாய்க்கும் குறிப்பு எழுதித் தரவேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 80 நாய்கள்தான். எழுத வேண்டாமென்றால் 150 வரை போகலாம்.

அந்த மூன்று, நான்கு நிமிடத்தில் என்ன நடக்கிறது? நாய்கள் வரிசையாக உள்ளே வரும்போதே வேலை ஆரம்பம். எட்ட நின்று மொத்த உருவத்தைப் பார்ப்பார். இது சிப்பிப்பாறை என்று தூரத்திலிருந்தே சொல்ல முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. எல்லாவற்றையும் சேர்ந்து ஒரு சுற்று ஓடவிட்ட பிறகு ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். சின்ன இனங்கள் மேசைமேல், உங்களுடையது மாதிரி என்றால் தரையில். நாய்க்குத் தெரியும்படிதான் கிட்டே வரவேண்டும், பின்னாலிருந்து வந்து தொடக்கூடாது. உதட்டைத் தூக்கிப் பல் வரிசை, கண், காது. அப்புறம் கை கழுத்து வழியாக இறங்கித் தோள்பட்டை எலும்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, மேல்கை எலும்பு அதோடு என்ன கோணத்தில் சேர்கிறது, விலாக்கூடு எவ்வளவு ஆழம், இடுப்பில் சதை இருக்கிறதா என்று தடவிக்கொண்டே போகும். ஆண் நாய் என்றால் இரண்டு விரையும் இறங்கியிருக்க வேண்டும். பொமரேனியன் மாதிரி முடி அடர்ந்த நாயில் கண்ணுக்குத் தெரிவது பாதி பொய். சீப்பும் டிரையரும் வைத்து எந்த உருவத்தையும் செய்துவிடலாம். கையைத்தான் ஏமாற்ற முடியாது.

கடைசியில் நடை. நாய் விலகிப் போகும்போது பின்னங்கால்கள் நேராகப் போகின்றனவா, திரும்பி வரும்போது முன்னங்கால்கள் உள்ளே மடிகின்றனவா, பக்கவாட்டில் ஓடும்போது முதுகு குலுங்குகிறதா என்று பார்ப்பார். தோள் சாய்வு குறைந்த நாய் எவ்வளவு வேகமாக ஓடினாலும் முன்னங்காலை எட்டிப்போடாது. கையால் தடவியபோது தெரிந்த அதே சங்கதி ஓட்டத்திலும் தெரியவேண்டும். தெரியவில்லை என்றால் இரண்டில் ஒன்றை நடுவர் சரியாகப் பார்க்கவில்லை.

ஆனால் உங்கள் ஆத்திரத்தில் எனக்கும் பங்கு உண்டு, நேரத்துக்காக அல்ல, அந்த விரலுக்காக. ஐரோப்பாவில் பல கண்காட்சிகளில் ஒவ்வொரு நாய்க்கும் நாலு வரியாவது எழுதிக் கொடுக்கிறார்கள். ‘தலை நன்று, இனத்தின் சாயல் தெளிவு. மார்பு ஆழம் போதும். முதல் இரண்டு நாய்களைவிடத் தோள் நிமிர்ந்திருப்பதால் எட்டிவைக்கும் அடி குட்டை. பின்னங்கால் நேர்’ என்று இவ்வளவு போதும். நம் ஊரில் பெரும்பாலும் விரல்தான். அடுத்த முறை, அந்த நடுவரின் ரிங் முழுக்க முடிந்த பிறகு போய், “சார், என் நாயில் எதை மேம்படுத்தலாம்?” என்று கேளுங்கள். “ஏன் கொடுக்கவில்லை?” என்று ஆரம்பிக்க வேண்டாம். ஒழுங்காகப் பயிற்சி எடுத்த நடுவர் அரை நிமிடத்தில் பதில் சொல்வார். மழுப்பினால், அவர் கீழே அடுத்த முறை நாயைப் பதிவு செய்யாதீர்கள்.

நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன். பட்டம் வாங்கியதும் நேரடியாக நடுவர் ஆகலாமா?
– நாமக்கல் மாணவர்

முடியாது தம்பி. கோபம் வேண்டாம், உங்கள் படிப்புக்கு இங்கே மதிப்பு உண்டு. எழுத்துத் தேர்வில் உடற்கூறு, அசைவு, மரபியல், ஆரோக்கியம், நடத்தை எல்லாம் வரும். வளர்ந்த நாய்க்கு 42 பல், மேலே 20 கீழே 22, குட்டிக்கு 28, விலா 13 ஜோடி என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். மற்றவர்கள் மாதக்கணக்கில் முட்டிமோதும் இடத்தை நீங்கள் ஒரே வாரத்தில் தாண்டிவிடலாம்.

சிக்கல் அதற்கு அப்புறம். கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னால் நீண்டிருந்தால் உங்கள் பாடத்தில் அது கோளாறு. லாப்ரடாரில் நடுவருக்கும் அது பெரிய குறை. ஆனால் பாக்ஸருக்கும் புல்டாக்குக்கும் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று அந்தந்த இனத்தின் ஸ்டாண்டர்டே, அதாவது அந்த இனம் எப்படி இருக்கவேண்டும் என்ற வரையறையே சொல்கிறது. சௌ சௌவின் நாக்கு நீலக்கறுப்பாக இல்லையென்றால்தான் குறை. டாக்ஸ்ஹுண்டை எஃப்.சி.ஐ. விதியில் உயரத்தால் பிரிப்பதில்லை, மார்புச் சுற்றளவை டேப்பால் அளந்து பிரிக்கிறார்கள். எஃப்.சி.ஐ. மட்டுமே சுமார் 350 இனங்களை ஏற்றிருக்கிறது, பத்துக் குழுக்களாக. ஒவ்வொன்றுக்கும் எழுதிவைத்த ஸ்டாண்டர்டு இருக்கிறது. அதைப் படித்தால் மட்டும் போதாது. ‘மிதமான நீளமுள்ள கழுத்து’ என்று எழுதியிருந்தால் அந்த மிதம் எவ்வளவு என்பது அந்த இனத்தில் நூறு நாயையாவது தொட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அதனால்தான் எந்த நாட்டிலும் தேர்வை மட்டும் வைத்து யாரையும் நடுவராக்குவதில்லை. பொதுவான வழி இது: சில வருஷம் நாய் வளர்த்து, ரிங்கில் காட்டிப் பழகியிருக்கவேண்டும். ஸ்டூவர்டாக வேலை செய்திருக்கவேண்டும். எழுத்துத் தேர்வு. அது தேறினால் பயிற்சி நடுவராக ஒரு மூத்த நடுவரின் பக்கத்தில் நின்று, அவர் பார்க்கும் அதே நாய்களைத் தானும் பார்த்துத் தனியாகக் குறிப்பு எழுத வேண்டும். அப்புறம் செயல்முறைத் தேர்வு. முதலில் ஓரிரு இனங்களுக்கு மட்டும் அனுமதி, பிறகு ஒரு குழு, கடைசியில்தான் எல்லா இனங்களுக்கும். அந்தக் கடைசிப் படியை எட்டுவதற்குள் தலை நரைத்துவிடும்.

நாட்டுக்கு நாடு அழுத்தம் மாறுகிறது. அமெரிக்காவில் சொந்தமாகக் குட்டி போடவைத்து வளர்த்து, அதில் சாம்பியன்களை உருவாக்கிக் காட்டியிருக்கிறீர்களா என்று கேட்பார்கள்; தேறிய பிறகும் கொஞ்ச காலம் தற்காலிக அனுமதியில்தான் இருக்கவேண்டும். பிரிட்டனில் அந்தந்த இனத்தின் கிளப் ஒரு நாள் முழுக்க வகுப்பு நடத்தி, கடைசியில் தேர்வு வைக்கும். அதோடு அந்த இனத்தில் ஊறிய ஒருவரோடு ரிங் ஓரம் உட்கார்ந்து பாடம் கேட்கவேண்டும். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது முறை நல்லது. குட்டி போட்டு விற்பதில் கெட்டிக்காரர்களுக்கெல்லாம் நல்ல கண் இருந்துவிடாது.

என் மகளை அடுத்த மாதக் கண்காட்சிக்கு ரிங் ஸ்டூவர்டாக அழைத்திருக்கிறார்கள். சும்மா வெயிலில் நிற்கிற வேலைதானே? அனுப்பலாமா?
– திருப்பூர் வாசகி

அனுப்புங்கள் அம்மா, தொப்பியோடு. வகுப்பு வாரியாக நாய்களை நேரத்துக்கு உள்ளே கூப்பிடுவது, வராதவர்களைக் குறித்துக்கொள்வது, பரிசு நாடாக்களையும் கோப்பைகளையும் சரியான வரிசையில் எடுத்துக் கொடுப்பது, நடுவர் கையெழுத்துப் போடும் தாள்களைத் தப்பில்லாமல் நிரப்புவது என்று வேலை கழுத்தை நெரிக்கும். நாய்க்குட்டி வகுப்பில் முதலிடம் வந்தது எது, ஓபன் வகுப்பில் எது என்று நினைவு வைத்து, இனத்தின் சிறந்த நாயைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அத்தனையையும் திரும்ப உள்ளே கொண்டுவர வேண்டியது அவள் பொறுப்பு.

அவளுக்குக் கிடைக்கப்போவது வேறு. நடுவருக்குக் கைநீட்டும் தூரத்தில் நாள் முழுக்க நிற்க, காசு கொடுத்தாலும் யாருக்கும் இடம் கிடைக்காது. ஒரே நாளில் இரண்டு நடுவர்களிடம் நின்றால் வித்தியாசம் தெரியும். ஒருவர் பல், வால், நகம் என்று குறைகளாகக் கூட்டிக்கொண்டே போவார். குறை கம்மியாக உள்ள நாய்க்குப் பரிசு. அப்படிப் பார்த்தால் எந்தச் சிறப்பும் இல்லாத சப்பையான நாய்தான் ஜெயிக்கும். இன்னொருவர் இந்த நாயில் என்ன உயர்ந்திருக்கிறது என்று தேடி, அதற்குப் பரிசு கொடுத்துவிட்டு, வால் கொஞ்சம் தூக்கலாக இருப்பதை மன்னித்துவிடுவார். புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களிடம் மூத்தவர்கள் அதிகம் போராடுவது இதைப் புரியவைக்கத்தான். குறை கண்டுபிடிப்பதை ஒரு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: நடுவரிடம் எந்த நாயைப் பற்றியும் அவளாக வாய் திறக்கக்கூடாது. “இது போன வாரம் பெங்களூரில் ஜெயிச்சது சார்” என்றால் அன்றோடு சரி.

நடுவருக்குத் தெரிந்தவர் நாய்தானே ஜெயிக்கும்? இதற்கெல்லாம் ஒரு பயிற்சி வேறா?
– புதுச்சேரி வாசகர்

இந்தச் சந்தேகத்துக்கு வயது நூற்றறுபதுக்கு மேல். முறையாக நடந்த முதல் நாய்க் கண்காட்சி என்று எல்லோரும் சொல்வது 1859 ஜூன் மாதம் இங்கிலாந்தின் நியூகாசிலில், ஒரு கோழிக் கண்காட்சியோடு சேர்ந்து நடந்தது. பாயிண்டர், செட்டர் என்று வேட்டை நாயில் இரண்டே வகைதான், அறுபது நாய் சுமாருக்கு. பரிசு, உள்ளூர்த் துப்பாக்கிக் கடைக்காரர் கொடுத்த துப்பாக்கிகள். பாயிண்டரில் முதல் பரிசு யாருக்குப் போனது? செட்டருக்கு நடுவராக இருந்தவரின் நாய்க்கு. செட்டரில்? பாயிண்டர் நடுவர்களில் ஒருவரின் நாய்க்கு. உங்கள் கடிதத்தை அன்றைக்கே எழுதியிருக்கலாம்!

லண்டனில் கென்னல் கிளப் 1873-ல் தொடங்கியதற்கு, இப்படித் தாறுமாறாக நடந்த கண்காட்சிகளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டியிருந்ததும் ஒரு காரணம். இன்றைக்கு எஃப்.சி.ஐ. விதி கறாரானது. கடந்த ஆறு மாதத்துக்குள் தன்னிடம் இருந்த, தான் பழக்கிய, தான் விற்ற நாயை நடுவர் பார்க்கக்கூடாது. தனக்குக் கீழே நாய் காட்டப்போகிறவர்களோடு ஒரே வண்டியில் வரக்கூடாது, அவர்கள் வீட்டில் தங்கக்கூடாது. எனக்கு நடுவர் வாய்ப்புக் கொடுங்கள் என்று தானாகக் கேட்கக்கூடாது. எந்த நாய் யாருடையது என்று அச்சிட்ட கேட்லாக்கை வேலை முடியும்வரை புரட்டக்கூடாது. ரிங்குக்குள் மது, சிகரெட், சொந்த விஷயத்துக்குக் கைபேசி எதுவும் ஆகாது.

இத்தனையும் இருந்தும் சின்ன வட்டம் இது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். காசு வாங்கிக்கொண்டு மற்றவர் நாயை ரிங்கில் காட்டும் ஒரு தொழில்முறை ஹேண்ட்லர் கையில் கயிறு இருந்தாலே அந்த நாயை இரண்டு முறை பார்க்கும் நடுவர்களை நானும் பார்த்திருக்கிறேன். கயிற்றின் மேல் நுனியைப் பார்க்கிறார் என்று ரிங் ஓரத்தில் கேலி பேசுவோம். இதற்கு விதி மட்டும் போதாது. தன் முடிவுக்குக் காரணத்தை எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று வைத்துப்பாருங்கள், பாதி சரியாகிவிடும். தெரிந்தவர் நாய் என்பதை மனசுக்குள் வைத்துக்கொண்டு தோள் சாய்வைப் பற்றி மைக்கில் பேசுவது அவ்வளவு சுலபமில்லை, கேட்பவர்களிலும் கண்ணுள்ளவர்கள் இருப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த நடுவர் எங்கள் ராஜபாளையம் நாயின் மூக்கைப் பார்த்து முகம் சுளித்தார். எங்கள் ஊர் நாயைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?
– ராஜபாளையம் வாசகர்

நியாயமான கோபம். எத்தனையோ இனங்களில் மூக்கு கறுப்பாக இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும். அந்தப் பழக்கத்தில் வருபவர் கண்ணுக்கு ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கு நிறமிக் குறைபாடாகத் தெரிகிறது. நமக்கு வெள்ளை உடம்பும் அந்த மூக்கும்தான் ராஜபாளையம். 2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது முதோல், ராம்பூர், இமயமலை நாயோடு உங்கள் ஊர் நாயும் இடம்பிடித்தது. ஆனால் எஃப்.சி.ஐ. பட்டியலில் நம் தென்னாட்டு இனங்கள் இல்லாததால் வெளிநாட்டு நடுவர்களின் பயிற்சியில் இவை வருவதே இல்லை. விமானத்தில் வரும்போதோ முந்தின நாள் ராத்திரி ஓட்டலிலோ ஸ்டாண்டர்டைப் படித்துவிட்டு வருவார்கள்.

அவரைத் திட்டி என்ன பயன்? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை வளர்ப்பவர்கள் சேர்ந்து விருதுநகர்ப் பக்கம் வருஷத்துக்கு ஒரு பயிற்சி நாள் நடத்தலாமே. நல்லது, சுமாரானது, மோசமானது என்று எட்டுப் பத்து நாய்களை நிறுத்தி, பயிற்சி நடுவர்களைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கவிட வேண்டும். கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் நிறம் தவிர என்ன வித்தியாசம் என்று உங்களுக்குள்ளேயே நாலு கருத்து ஓடுகிறது. அதை முதலில் அங்கே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரே குரலில் சொல்லாததை நடுவர் எங்கிருந்து தெரிந்துகொள்வார்?

இன்னொன்று. வெள்ளை நாய்களில் நிறமி குறைவதோடு சேர்ந்து பிறவிச் செவிடும் வரும். டால்மேஷியனிலும் உண்டு, ராஜபாளையத்திலும் உண்டு. நான் ராஜபாளையம் பார்க்கும்போது நாயின் பின்னால் சாவிக்கொத்தைக் கொஞ்சம் குலுக்குவேன், காது திரும்புகிறதா என்று பார்க்க. ஒரு காது மட்டும் செவிடாக இருந்தால் இது காட்டிக்கொடுக்காது, அதற்கு மருத்துவமனையில் கருவி வைத்துத்தான் பார்க்கவேண்டும். இனப்பெருக்கத்துக்கு விடும் முன் அதைச் செய்துவிடுங்கள். மூக்குக்காகச் சண்டை போடும் அதே ஆவேசம் காதுக்கும் வேண்டும்.

மூச்சு விடவே திணறும் பக் நாய்க்கெல்லாம் பரிசு கொடுக்கிறீர்களே, நியாயமா?
– சென்னை வாசகி

நியாயமில்லை. தட்டை மூக்கு, அளவுமீறிய தோல் மடிப்பு, தொங்கும் கீழிமை இதெல்லாம் ஒரே நாளில் வந்ததல்ல. ஒரு நடுவர் கொஞ்சம் கூடுதலாகத் தட்டையான முகத்துக்குப் பரிசு கொடுப்பார். வளர்ப்பவர்கள் எல்லோரும் அந்த ஆண் நாயிடம் ஓடுவார்கள். அடுத்த தலைமுறை இன்னும் தட்டை. 2008-ல் பி.பி.சி. இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் ஒளிபரப்பியது. அடுத்த ஆண்டு பிரிட்டனின் புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியை ஒளிபரப்பவே மறுத்துவிட்டது. 2012 கிரஃப்ட்ஸில் ஆபத்து அதிகமுள்ள 15 இனங்களில் முதலிடம் வந்த நாய்களை, அடுத்த சுற்றுக்கு விடும் முன் நடுநிலையான கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும் என்று விதி வந்தது. ஆறு நாய்கள் தேறவில்லை: பெக்கினீஸ், புல்டாக், மாஸ்டிஃப், நியோபாலிடன் மாஸ்டிஃப், பேசட் ஹவுண்ட், கிளம்பர் ஸ்பேனியல். சற்றுமுன் நடுவர்கள் கைகுலுக்கிப் பரிசு கொடுத்த நாய்கள்!

பெரிய ரகளை ஆனது. நடுவரை அவமானப்படுத்திவிட்டார்கள் என்றார்கள். எனக்கு அதில் அனுதாபம் இல்லை. மூச்சுத் திணறல் கேட்க ஸ்டெதாஸ்கோப் தேவையில்லை, நாயை ஒரு சுற்று ஓடவிட்டுக் கிட்டே நின்றால் போதும். இப்போது பயிற்சியில் இந்த இனங்களுக்கென்று தனிக் கவனம் கொடுக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் இது இன்னும் அவசியம்.

நடுவருக்கு என்ன சம்பளம்?
– மதுரை வாசகர்

போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு. சில இடங்களில் கையில் சிறு தொகை. இதை வைத்துக் குடும்பம் நடத்த நினைத்தால் வேண்டாம்.

என் பன்னிரண்டு வயது மகனுக்குச் சொந்த நாய் சுமார்தான், ஆனால் ரிங்கில் நன்றாகக் காட்டுகிறான். பரிசு வாய்ப்பு உண்டா?
– ஈரோடு வாசகி

ஜூனியர் ஹேண்ட்லர் போட்டியில் சேர்த்துவிடுங்கள். அங்கே மதிப்பெண் பையனுக்கு, நாய்க்கு அல்ல. நடுவருக்கும் நாய்க்கும் நடுவில் வந்து மறைக்காமல் நிற்கிறானா, சொன்ன திசையில் நேராக ஓடுகிறானா, நாயிடம் எரிச்சல் காட்டாமல் இருக்கிறானா என்றுதான் பார்ப்பார்கள். பிற்காலத்தில் நல்ல நடுவர்களாக வந்த பலர் இந்தப் போட்டியில் தொடங்கியவர்கள்.

எனக்கு வயது நாற்பத்தைந்து. வீட்டில் ஒரு டாபர்மேன் மட்டும். நடுவராக ஆசை. எங்கே ஆரம்பிப்பது?
– கோவை வாசகர்

டாபர்மேனிலேயே ஆரம்பியுங்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. பயிற்சி, தேர்வு பற்றிய இப்போதைய நிபந்தனைகளை எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் கிளப்பில் உறுப்பினராகி ஸ்டூவர்ட் வேலைக்குப் பெயர் கொடுங்கள். டாபர்மேன் ஸ்டாண்டர்டைப் படித்து, ஆண் நாயின் உயரம் 68 முதல் 72 சென்டிமீட்டர் என்றால் அது உங்கள் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் எங்கே வருகிறது என்று கண்ணுக்குப் பழக்குங்கள்.

அதற்கு முன் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, யார் அனுமதியும் வேண்டாம். கண்காட்சிக்குப் போய் டாபர்மேன் ரிங் ஓரம் நாற்காலி போட்டு உட்காருங்கள். நடுவர் முடிவு சொல்வதற்கு முன் உங்கள் முதல் மூன்று இடங்களைக் காரணத்தோடு நாய்க்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். பிறகு நடுவர் முடிவோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகிறதா என்பது முக்கியமில்லை. எங்கே மாறுகிறதோ அந்த இரண்டு நாய்களை வெளியே கூடாரத்தில் தேடிப் பிடித்து, உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு இன்னொரு முறை கையால் பாருங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகவே காட்டுவார்கள், தோற்றவர்கள் இன்னும் விளக்கமாகவே காட்டுவார்கள். கிளம்பும்போது பேனாவோடு ஒரு பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், அதிகாலைப் பனியில் நனைந்த தாளில் பேனா எழுதாது.